நான்காவது வட்டம் வரைவதற்கு முன்: மருத்துவப் பாடத்திட்டமும் சிகிச்சை நெறிமுறையும் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவ, செவிலியர் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கிறவர்களுக்கும், நோயாளியை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நெறிமுறை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நோயாளியை முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்பதை இன்று நீங்கள் எல்லோருமே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். உடல், மனம், சமூகம் என்று மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அந்தப் படம் இல்லாத பாடநூலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் பண்பாட்டுக்கும் இடம் வேண்டும் என்ற பேச்சு இப்போது வலுத்து வருகிறது. வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் எப்படிச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான்காவதாக ஒரு வட்டம் வரைந்து, நோயாளியின் மதம், மொழி, உணவுப் பழக்கம் என்று சேர்க்கைப் படிவத்தில் மூன்று கட்டங்களைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவீர்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவ சமூகப் பணியாளர். மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு கட்டில் ஓரம் வந்து உட்காருகிறவர்களில் ஒருத்தி. மருத்துவர் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது அந்த நேரத்தில்தான் தெரியவரும். கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’, ‘மருந்தைச் சரியாக எடுப்பதில்லை’, ‘அறிவுரையை மீறி வெளியேறினார்’ என்று எழுதப்பட்டவர்களோடுதான் என் வேலையின் பெரும்பகுதி. இந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை எழுதத்தான் கேஸ் ஷீட்டில் இடம் இருக்காது.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். நோயை உடல், மனம், சமூகம் மூன்றும் சேர்ந்ததாகப் பார்க்கும் உயிர்-உள-சமூக மாதிரியை 1977-இல் ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்தவர் ஜார்ஜ் எங்கெல். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர். மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த மாதிரியைக் கட்டில் ஓரத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் ஓர் ஏணி வருகிறது. கீழே அணுத்துகள், மூலக்கூறு, செல், உறுப்பு, நடுவில் மனிதர், அதற்கு மேல் இருவர் உறவு, குடும்பம், அக்கம்பக்கச் சமுதாயம், அதற்கும் மேல் பண்பாடு, தேசம், உயிர்க்கோளம். ஆக, பண்பாடு ஆரம்பத்திலேயே இருந்தது. மாதிரியின் பெயரில்தான் மூன்று இருந்தன. பாடநூல்களும் அந்த மூன்றையே வட்டங்களாக வரைந்தன. ஏணியில் ஒரு படி காணாமல் போனதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அதே கட்டுரையில் எங்கெல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். 55 வயது. இரண்டாவது முறையாக மாரடைப்பு. அவசர சிகிச்சைப் பிரிவில் நிலைமை ஓரளவு சீராகிவிட்டது. இளம் மருத்துவர்கள் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கப் பார்க்கிறார்கள். கிடைக்கவில்லை. மறுபடி குத்துகிறார்கள். நோயாளிக்கு வலி, எரிச்சல், இவர்களுக்கு வேலை தெரியவில்லையோ என்ற பயம். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் வேறு யாரையாவது கூட்டிவருகிறோம் என்று அவரைத் தனியே விட்டுப் போகிறார்கள். சற்று நேரத்தில் அவருடைய இதயத்துடிப்பு தாறுமாறாகி நினைவு தப்பிவிடுகிறது. மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்தச் சில நிமிடங்களின் மன உளைச்சலுக்கும் இதயம் தடுமாறியதற்கும் தொடர்பு உண்டு என்பது எங்கெல்லின் வாதம்.

எனக்கு அதில் இன்னொன்றும் படுகிறது. வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று அவர் ஏன் சொல்லவில்லை? மருத்துவர் முன்னால் நோயாளி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் எங்கோ கற்றிருந்தார். குத்திய கையை எடுத்துவிட்டு, ‘உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்கத் தேவையில்லை என்று அந்த இளம் மருத்துவர்களும் எங்கோ கற்றிருந்தார்கள். இரண்டுமே பண்பாடுதான். கட்டிலில் படுத்திருந்தவரிடம் மட்டும் அல்ல, நின்றுகொண்டிருந்தவர்களிடமும் அது இருந்தது. உங்களிடம் நான் கேட்க வந்தது இதைத்தான்: நீங்கள் எழுதப் போகிற மாதிரியில் பண்பாட்டை நோயாளியின் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நோயாளியின் பக்கத்தையும் நாம் சரியாகப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். பண்பாடு என்றதும் திருவிழா, உடை, விரதம், சடங்கு என்றே மனம் போகிறது. என் அனுபவத்தில், சிகிச்சையைத் திசை திருப்புவது அநேகமாக அதைவிடச் சாதாரணமாக இருக்கும். ஒரு நோய் என்றால் என்ன, மருந்து உடம்பில் என்ன செய்யும், எதை யாரிடம் சொல்லலாம், எதைச் சொன்னால் அவமானம் என்றெல்லாம் தன்னைச் சுற்றியிருப்பவர்களைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டது எதுவோ அதுதான்.

ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். பல வருடச் சர்க்கரை நோய், மாத்திரைக்கு அடங்காமல் போனதால் இன்சுலின் எழுதியிருந்தார்கள். வரும்போதெல்லாம் சர்க்கரை கூடித்தான் இருந்தது. “ஊசி போட்டுக்கொள்கிறீர்களா?” என்று கேட்டால் “போடுகிறேன்” என்பார். அளவைக் கூட்டி எழுதுவார்கள். அடுத்த முறை இன்னும் கூட்டுவார்கள். அப்புறம் கேஸ் ஷீட்டில் அந்த வழக்கமான வரி ஏறியது, என்னிடம் அனுப்பினார்கள். நான் மருந்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. “இந்த ஊசியைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எங்கம்மாவுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, அந்த வருஷமே காலை எடுத்தாங்க. அக்காவுக்கு ஆரம்பிச்சாங்க, கண்ணு போச்சு. எனக்கு மட்டும் வேற மாதிரியா நடக்கும்?” என்றார்.

பையைத் திறந்து காட்டினார். சீல் உடைக்காத இன்சுலின் பேனாக்கள், மருந்துக் கடை கொடுத்த உறையோடு அப்படியே இருந்தன.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் அது நியாயமே இல்லை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஊசி வந்தது, பின்னாலேயே கால் போனது: வரிசை சரிதான். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இன்சுலின் தொடங்கியதே மிகவும் தாமதமாக, ரத்தக் குழாய்களும் விழித்திரையும் ஏற்கெனவே கெட்ட பிறகு என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதை விளக்குவதற்கு நிறைய நேரம் ஆகவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். யாரும் கேட்காமலே இருந்து, ஒரு நாள் வீட்டார் வற்புறுத்தி அவர் ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு துளி இன்சுலின்கூடப் போகாத உடம்புக்குப் படிப்படியாகக் கூட்டி எழுதப்பட்ட அந்த முழு அளவும் ஒரேயடியாக இறங்கியிருக்கும். சர்க்கரை தாழ்ந்து மயங்கியிருப்பார், ஆளே போயிருக்கலாம். மருத்துவரிடம் சொன்னதும் உடனே முதல் அளவிலிருந்து மாற்றி எழுதினார். கேட்காமல் விட்ட ஒரு கேள்வி மருந்தின் அளவையே தவறாக்கியிருந்தது. பண்பாடு என்பது மருத்துவத்தோடு கூட வரும் மென்மையான சமாச்சாரம், நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது யோசிக்க வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கான கேள்விகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவையும் இல்லை. உளமருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970களின் கடைசியிலேயே சகாக்களோடு சேர்ந்து அவற்றை எழுதிவைத்தார். உங்களுக்கு வந்திருப்பதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இப்போது வந்தது? இது உங்களை என்ன செய்கிறது? எவ்வளவு கடுமையானது? என்ன சிகிச்சை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எதைப் பற்றி அதிக பயம்? பள்ளிக் குழந்தைக்கும் புரியும் கேள்விகள். 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற உளமருத்துவக் கையேடு இதே வழியில் 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலைச் சேர்த்தது. இந்தியா, கென்யா, பெரு உட்பட ஆறு நாடுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆக, கருவி கையில் இருக்கிறது. உளமருத்துவத்துக்கு வெளியே எத்தனை பேர் அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று உங்கள் கல்லூரிகளிலேயே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் இதற்குப் பதிலாக எழுதிவிடக்கூடிய ஒன்றைப் பற்றி எனக்கு நிஜமாகவே பயம் இருக்கிறது. ‘இந்த இனத்தவர் வலியை வெளிக்காட்ட மாட்டார்கள்’, ‘அந்த மதத்தவரிடம் இதைப் பேசக் கூடாது’ என்று பட்டியல் போடுவது. மாணவர்களுக்கு இது பிடிக்கும், ஏனென்றால் மனப்பாடம் செய்யலாம். தேர்வு வைப்பவருக்கும் பிடிக்கும், மதிப்பெண் போடுவது எளிது. நோயாளிக்குத்தான் ஆபத்து.

கிளைன்மனும் பீட்டர் பென்சனும் 2006-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு தந்தை. மனைவி எய்ட்ஸால் இறந்துவிட்டார். நான்கு வயது மகனுக்கு எச்ஐவி. மகனை அவர் ஒழுங்காக மருத்துவமனைக்குக் கூட்டிவருவதில்லை. அவர் மெக்சிகோக்காரர், எச்ஐவி பற்றிய அவருடைய பண்பாட்டுப் புரிதல் வேறாக இருக்க வேண்டும், அதனால்தான் வருவதில்லை என்று மருத்துவமனைக்காரர்கள் முடிவு கட்டுகிறார்கள். விசாரித்துப் பார்த்தால், அவருக்கு எச்ஐவியைப் பற்றியும் அதன் சிகிச்சையைப் பற்றியும் எல்லாமே தெரிந்திருக்கிறது. அவர் மிகக் குறைந்த சம்பளத்துக்குப் பேருந்து ஓட்டுகிறவர், பெரும்பாலும் பின்னிரவு ஷிஃப்ட். பையனைக் கூட்டிவர அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

பண்பாட்டைப் பட்டியலாகப் படித்த மருத்துவர், எதிரே இருப்பவரிடம் கேட்பதை நிறுத்திவிடுகிறார். தெரிந்துகொண்டாயிற்று என்ற திருப்தி வந்துவிடுகிறது. வறுமை, வேலை நேரம், பயணச் செலவு என்று யாராவது தீர்க்கக்கூடிய பிரச்சினைகளெல்லாம் ‘அவர்கள் பண்பாடு அப்படி’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. இதைவிட, பண்பாட்டைப் பற்றி ஒன்றுமே படிக்காமல் வாயைத் திறந்து கேட்கிற மருத்துவர் மேல் என்றுதான் சொல்வேன்.

சரி, மருத்துவத்தின் பக்கத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் படித்துவிடுங்கள்.

ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இருவர் 1984-இல் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். நோயாளி தன் தொல்லையைச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து சராசரியாக 18 விநாடிக்குள் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அப்படிச் சொல்லி முடித்தவர்கள் எடுத்துக்கொண்டது அதிகபட்சம் 150 விநாடிகள். இரண்டரை நிமிடம். குறுக்கிடுகிறவர்கள் கெட்ட மருத்துவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படித்தான் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். மூத்தவர்கள் செய்வதைப் பார்த்து இளையவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. வேறு எந்தக் கூட்டத்திடம் இதைப் பார்த்தாலும் அவர்களுடைய பண்பாடு என்று உடனே சொல்லிவிடுவோம்.

அது பேச்சோடு நிற்பதும் இல்லை, கணக்குக்குள்ளும் போய்விடுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடுவார்கள். 1999-இல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 1.2-ஆல் பெருக்க வேண்டும் என்று இருந்தது. அவர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் அதற்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. விளைவைப் பாருங்கள். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியேட்டினின் அளவு உள்ள இருவரில் கறுப்பினத்தவரின் சிறுநீரகம் மட்டும் தாளில் ஆரோக்கியமாகத் தெரியும். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் கணக்கில் ஏற அந்த எண் 20-க்கு இறங்க வேண்டும். அவர்களுக்கு அது தாமதமாகத்தான் இறங்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ ஆய்வகங்கள் இந்த எண்ணை அச்சிட்டுக் கொடுத்தன. 2021-இல்தான் அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரக மருத்துவர் சங்கமும் அமைத்த குழு, இனத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. பிறகு, ஏற்கெனவே காத்திருந்த கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தையும் திருத்த வேண்டி வந்தது. அந்தப் பெருக்கலை அத்தனை காலமும் யாரும் பண்பாடு என்று சொல்லவில்லை. அறிவியல் என்றுதான் சொன்னார்கள்.

இந்த இடத்தில் நியூசிலாந்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. 1988-இல் அங்கே பூர்வகுடிகளான மாவோரிச் செவிலியர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். சட்டப் பாதுகாப்பு, அறப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே? இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர் அந்தக் கேள்வியை விடவில்லை, அதை ஒரு பாடமாகவே வளர்த்தெடுத்தார். 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் அதைச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. அதன் சாரம் இரண்டு விஷயங்கள். செவிலியர் முதலில் ஆராய வேண்டியது தன்னுடைய பண்பாட்டை, தன் கையில் இருக்கும் அதிகாரத்தை. கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்டவர். மாவோரி மக்களைப் பற்றி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அப்போது அங்கே எதிர்ப்புக்கும் குறைவில்லை; நாளிதழ்களில் சண்டை நடந்தது, நாடாளுமன்றக் குழு வரை விஷயம் போனது. இருந்தும் நிலைத்தது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அதே நாட்டில் மாவோரி உளமருத்துவர் மேசன் டூரி, உடல், மனம், குடும்பம், ஆன்மா என்று நான்கு சுவர் கொண்ட ஒரு வீடாக ஆரோக்கியத்தை விளக்கியிருந்தார். ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நிற்காது. குடும்பம் அங்கே நோயாளியைப் பார்க்க வரும் கூட்டமாக இல்லை, ஆரோக்கியத்தின் சுவராகவே இருக்கிறது. உங்கள் பார்வையாளர் நேர விதிகளை இதோடு வைத்துப் படித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி. பண்பாட்டை மதிப்பது என்றால் நோயாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதா? தொற்று பரவினாலும் சடங்கை விட்டுவிடுவதா?

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் எபோலா பரவியபோது இந்தக் கேள்விதான் உயிர் போகும் கேள்வியாக இருந்தது. இறந்தவரின் உடலில் கிருமி அடர்ந்திருக்கும். உடலைக் குளிப்பாட்டுவதும் தொட்டு வழியனுப்புவதும் குடும்பத்தின் கடமை. புதிய தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒன்று அடக்கச் சடங்குகளில் நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. முதலில் அதிகாரிகள் செய்தது தடைபோடுவது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரித்துவிட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. எரிப்பது வழக்கமில்லாத மக்கள். அவர்கள் நோயாளிகளையும் உடல்களையும் மறைக்கத் தொடங்கினார்கள். தொற்றைத் தடுக்கப் போட்ட ஆணை தொற்றை வீட்டுக்குள் ஒளித்துவைத்தது.

நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறை வெளியிட்டது. இஸ்லாமிய, கிறிஸ்தவ மதத் தலைவர்களும் மருத்துவ மானுடவியலாளர்களும் உட்கார்ந்து சேர்ந்து எழுதியது. பாதுகாப்பு உடை இல்லாமல் உடலைத் தொடக் கூடாது என்பதில் ஓர் இழைகூடத் தளர்வு இல்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் செய்யும் உலர் தூய்மைச் சடங்குக்கும் இறந்தவர் மேல் கஃபன் என்ற இறுதித் துணி போர்த்துவதற்கும் வழி இருந்தது. குழி தோண்டுவதில் குடும்பத்தார் சேர்ந்துகொள்ளலாம். பிரார்த்தனை செய்யலாம். அந்த ஆண்டு முடியும்போது லைபீரியாவில் கட்டாய எரிப்பும் கைவிடப்பட்டு, அடக்கம் செய்ய இடம் ஒதுக்கப்பட்டது. கிருமியைப் பற்றிய அறிவில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குடும்பத்துக்கு இதில் எது இல்லாமல் முடியாது என்று கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சில மாதங்கள் முன்பே கேட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவே இல்லை.

தலையாட்டுவது வேறு, கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்ந்து முடிவெடுப்பது வேறு. நோயாளிக்கு எவ்வளவு உண்மையைச் சொல்வது என்ற விஷயத்திலும் இதுவே பொருந்தும். 1995-இல் அமெரிக்காவில் நான்கு இனப் பின்னணிகளைச் சேர்ந்த 800 முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பரவிய புற்றுநோய் என்றால் நோயாளியிடமே சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம் சொல்ல வேண்டும் என்றார்கள், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். பட்டியல் போடுகிறவர் இதைப் படித்துவிட்டு, கொரியர் என்றால் குடும்பத்திடம் சொல் என்று எழுதிவிடுவார். ஆனால் 47 என்பது கிட்டத்தட்டப் பாதி. எதிரே இருப்பவர் எந்தப் பாதி என்று அந்த எண் சொல்லாது. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, “எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லட்டுமா, வேறு யாரிடமாவது பேச வேண்டுமா?” என்று அவரிடமே கேட்டுவிட்டால் அது தெரிந்துவிடும். நோயாளிக்குத் தெரியாமல் குடும்பத்தோடு கிசுகிசுப்பதும் தேவையில்லை, கேட்க விரும்பாதவர் மேல் உண்மையைக் கொட்டுவதும் தேவையில்லை.

இந்த அக்கறையோடு சிகிச்சையின் அமைப்பையே மாற்றிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். நைஜீரியாவின் அபேயோகூட்டாவில் 1954 வாக்கில் உளமருத்துவர் அடியோயே லாம்போ, மனநோயாளிகளைப் பெரிய கட்டடத்தில் அடைத்துவைக்காமல், மருத்துவமனையைச் சுற்றியிருந்த கிராம வீடுகளில் உறவினர் ஒருவரோடு தங்கவைத்தார். சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு வந்து போனார்கள். ஜிம்பாப்வேயில் 2006-இல் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து மன உளைச்சலோடு வருகிறவர்களிடம் பேசுகிறார்கள். யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று கண்டறியும் கேள்வித்தாளும் அந்த மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும் விதத்திலிருந்தே உருவானது. ஹராரேயில் 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகவே குறைந்திருந்தது.

இப்போது என் கோரிக்கைகள்.

கேஸ் ஷீட்டில் நோயாளியின் விளக்கத்துக்கு ஓர் இடம் கொடுங்கள், அவர் சொன்ன சொற்களிலேயே. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுகிறவர், ஏன் என்று கேட்டதாகவும் கிடைத்த பதிலையும் எழுதியே ஆக வேண்டும் என்று விதி செய்யுங்கள். எழுதப்படாதது ரவுண்ட்ஸில் பேசப்படாது, பேசப்படாததை அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர் அறிய மாட்டார்.

மொழி தெரியாத நோயாளிக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, தாயின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றிச் சொல்லவைக்கும் கொடுமை இனியாவது வேண்டாம். இதைப் பற்றி விளக்கம்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பண்பாட்டைப் பாடமாக வைப்பதாக இருந்தால், முதல் வகுப்பு மருத்துவமனையின் பண்பாட்டைப் பற்றியதாக இருக்கட்டும். ரவுண்ட்ஸில் நோயாளியின் காலடியில் நின்றுகொண்டு அவரைப் பற்றி அவர் இல்லாததுபோல் ஏன் பேசுகிறோம்? ‘நோயாளி மறுக்கிறார்’ என்று ஏன் எழுதுகிறோம், காவல் நிலையத்தில் எழுதுவதுபோல? மாணவர்கள் இதைக் கவனித்து எழுதிக்கொண்டு வரட்டும். தேர்வில் எந்தச் சமூகம் எதைச் சாப்பிடாது என்று கேட்காதீர்கள். ஒரு நோயாளியோடு உட்காரவைத்து, பேச்சு முடிந்த பிறகு அந்த நோயாளியிடம் கேளுங்கள்: நீங்கள் சொன்னதை இவர் காதுகொடுத்துக் கேட்டாரா? மதிப்பெண்ணில் பாதி அவர் கையில் இருக்கட்டும்.

நேரம் இல்லை என்பீர்கள். தெரியும். ஒரு மருத்துவருக்கு வெளிநோயாளர் வரிசை எவ்வளவு நீளம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், அவர்களுக்கு எழுதவில்லை. நேரத்தை ஒதுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. கேட்பதை நெறிமுறையில் கட்டாயமாக எழுதிவிட்டு அதற்கு நிமிடமும் ஆளும் ஒதுக்காமல் விட்டால், அது இன்னொரு டிக் போடும் கட்டமாகிவிடும், செவிலியர் தலையில் இன்னொரு சுமை ஏறும். பதினாறு கேள்வியும் எல்லோரிடமும் கேட்க வேண்டாம். முதல் சந்திப்பில் அந்த 150 விநாடிகள் குறுக்கிடாமல் விட்டாலே நிறைய வந்துவிடும். சிகிச்சை எதிர்பார்த்தபடி போகாத இடத்தில் முழு நேர்காணலையும் வையுங்கள். தேவையில்லாமல் கூட்டி எழுதிய மருந்து, திரும்பத் திரும்ப எடுத்த பரிசோதனை, மறுபடி மறுபடி சேர்த்த படுக்கை இவற்றுக்கு ஆன நேரத்தையும் பணத்தையும் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, இந்தத் திருத்தத்தை எழுதும் குழுவில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது. பேராசிரியர்களும் நிர்வாகிகளும் மட்டும் உட்கார்ந்து பண்பாட்டைச் சேர்த்தால் அது உங்கள் பண்பாடாகத்தான் இருக்கும். வார்டு செவிலியர்கள், உதவியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதப்பட்ட நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தார் ஆகியோரைக் கூப்பிடுங்கள். ஒப்புக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைக்காதீர்கள். வரைவு எழுதும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் கொடுங்கள், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். பின்னிரவு ஷிஃப்டில் பேருந்து ஓட்டுகிறவரும் வர முடிகிற நேரமாக இருக்கட்டும்.

மரியாதையுடன்,
ஒரு மருத்துவ சமூகப் பணியாளர்